மழைக்கு முன் கொடுத்த முன்பணம்: ஜான்சன் எதிர் டேவிஸ் வழக்கு

1982 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டேவிஸ் தம்பதியர் 3,10,000 டாலருக்கு ஒரு வீட்டை விலை பேசினார்கள். விற்றவர்கள் ஜான்சன் தம்பதியர். வீடு கட்டி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒப்பந்தத்தின்போது 5,000 டாலர் முன்பணம், ஐந்து நாட்களுக்குள் மேலும் 26,000 டாலர், ஜூன் 21-க்குள் கிரயம் என்று பேச்சு. சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய அந்த வியாபாரம் வழக்காக மாறி, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1985 அக்டோபர் 31 அன்றுதான் ஓய்ந்தது.

தெரிந்த குறையை விற்பவர் மறைக்கக் கூடாது என்ற விதியை நிலைநாட்டிய தீர்ப்பு என்றே சட்டம் படிப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. வழக்கின் நடுவே ஒரு வீட்டுப் பரிசோதனை இருக்கிறது. அதைச் செய்துகொள்ளும் உரிமை வாங்குபவர்களுக்கு எழுத்திலேயே இருந்தது. ஆனாலும் பெரிய தொகை கைமாறிய பிறகுதான் கூரையை அறிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். வாங்குபவர்கள் கடைசியில் வென்றார்கள் என்பது உண்மை. அந்த வெற்றியைப் பரிசோதனைப் பிரிவு தேடித் தரவில்லை என்பதும் உண்மை. வீடு வாங்கப் போகிறவரும் விற்கப் போகிறவரும் இந்த இரண்டாவது உண்மையை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

கூரைக்கென்று ஒரு பிரிவு

ஒப்பந்தத்தில் கூரையைப் பற்றித் தனிப் பிரிவே இருந்தது. கிரயத்துக்கு முன்பாக, வாங்குபவர் தம் சொந்தச் செலவில், உரிமம் பெற்ற கூரை வேலைக்காரர் ஒருவரிடமிருந்து கூரை நீர் புகாத நிலையில் இருக்கிறது என்று எழுத்துபூர்வமான அறிக்கை பெற்றுக்கொள்ளலாம். ஒழுகலைச் சரிசெய்யவோ கூரை விளிம்பின் பலகைகளை மாற்றவோ வேண்டியிருந்தால் அதன் செலவு விற்பவரைச் சேரும். அந்த வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும்.

மேலோட்டமாகப் படித்தால் வாங்குபவரை நன்றாகக் காக்கும் பிரிவாகத் தோன்றுகிறது. தரகர் ஒருவர் இதைக் காட்டி, “பாருங்கள், எல்லாம் எழுதியிருக்கிறது” என்றால் பெரும்பாலோர் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அது எங்கே கைவிடும் என்பது மழை வரும்வரை யாருக்கும் புலப்படாது.

கறையும் அதற்குக் கிடைத்த விளக்கமும்

26,000 டாலரைக் கொடுப்பதற்கு முன் திருமதி டேவிஸ் சில அடையாளங்களைக் கவனித்தார். குடும்பத்தார் கூடி உட்காரும் அறையில், ஜன்னல் சட்டத்தின் மூலையருகே பூச்சு உப்பி உரிந்திருந்தது. அந்த அறையின் உட்கூரையிலும் சமையலறையின் உட்கூரையிலும் கறைகள் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் நேராகவே கேட்டார். ஜன்னலில் சிறு கோளாறு இருந்தது, அது எப்போதோ சரிசெய்யப்பட்டுவிட்டது, கறைகள் சுவர்த்தாள் ஒட்டிய பசையாலும் உட்கூரை உத்திரங்களை நகர்த்தியதாலும் வந்தவை என்று திரு. ஜான்சன் பதில் சொன்னார். கூரையிலோ உட்கூரையிலோ எந்தச் சிக்கலும் இருந்ததே இல்லை என்றும் அப்போது சொன்னாரா என்பதில் இரு தரப்புச் சாட்சியங்களும் பின்னர் முரண்பட்டன.

திருமதி டேவிஸ் செய்ததில் பாதி மிகச் சரியானது. வீட்டின் அழகில் மயங்காமல் சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், கண்டதைக் கேட்டார். இவ்வளவையும் செய்யாதவர்களே அதிகம். விடுபட்டது அடுத்த படி. ஜான்சன் தந்த விளக்கத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒவ்வோர் அடையாளத்துக்கும் அதில் தனித்தனிக் காரணம் இருக்கிறது. ஜன்னலுக்கு ஒன்று, கறைக்கு இரண்டு. தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் நம்பத் தகுந்ததே. சேர்த்துப் பார்க்கும்போது, உரிந்த பூச்சுக்கும் இரண்டு அறைகளின் கறைகளுக்கும் ஒரே காரணம் போதும்: மேலிருந்து வரும் தண்ணீர். அனுபவமுள்ள பரிசோதகர் முதலில் செய்வது இந்தச் சேர்த்துப் பார்க்கும் வேலையைத்தான்.

கூரைத் தண்ணீர் நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. மேலே ஓரிடத்தில் நுழைந்து, மரச்சட்டத்தின் சரிவைப் பிடித்துக்கொண்டு ஓடி, தடை வந்த இடத்தில் சொட்டும். ஜன்னலின் மேல்விளிம்பு அப்படிப்பட்ட ஒரு தடை. அதனால் ஜன்னல் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் மனமார நம்பியிருக்க, உண்மையில் ஒழுகுவது கூரையாக இருப்பது உலகெங்கும் நடப்பதுதான். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே ஆள் நுழையும் இடம் இருந்தால் விளக்கு எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பலகையின் அடிப்பக்கம் கறுத்திருக்கிறதா, ஆணி முனைகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விளிம்பில் பழுப்பு வளையம் வளையமாகப் படிந்த கறை, பல முறை நனைந்து பல முறை காய்ந்ததைச் சொல்லும். இன்று ஈரப்பத அளவி இருக்கிறது, வெப்பப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. அவை இல்லாத காலத்திலும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் போதுமானவராக இருந்திருப்பார்.

டேவிஸ் தம்பதியர் விளக்கத்தை ஏற்று 26,000 டாலரைக் கொடுத்தார்கள். ஜான்சன் குடும்பம் வீட்டைக் காலி செய்தது.

தென் புளோரிடாவில் மழைக்காலம் மே மாத நடுவில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும். சில நாட்களில் கனமழை பெய்தது. அதன் பின் வீட்டுக்குள் நுழைந்த திருமதி டேவிஸ், ஜன்னல் சட்டத்தைச் சுற்றியும், உட்கூரையிலிருந்தும், விளக்குகள் பொருத்திய இடங்களிலிருந்தும், கண்ணாடிக் கதவுகளின் வழியாகவும், சமையலறை அடுப்பின் பக்கமும் தண்ணீர் பீறிட்டு வருவதைக் கண்டார். மின்விளக்கின் வழியாகத் தண்ணீர் வருவது உயிருக்கே ஆபத்தான நிலை. சுவர்த்தாள் பசையைக் காரணம் காட்ட இனி இடமில்லை.

ஒரே கூரை, இரண்டு அறிக்கைகள்

இதன் பிறகு நடந்ததுதான் இந்த வழக்கின் மிகச் செறிவான பகுதி. ஜான்சன் தரப்புத் தரகர் இரண்டு கூரை வேலைக்காரர்களை அனுப்பினார். 1,000 டாலருக்கும் குறைவான செலவில் குறிப்பிட்ட ஒழுகல்களை அடைத்து, கூரையை நீர் புகாததாக ஆக்கிவிடலாம் என்று அவர்கள் சொன்னார்கள். டேவிஸ் தரப்பு மூவரை அழைத்து வந்தது. கூரை அடிப்படையிலேயே பழுதானது, அது நழுவிக்கொண்டிருக்கிறது, எந்த ஒட்டுவேலையும் தற்காலிகம், 15,000 டாலரில் புதிய கூரை போட்டால்தான் நீர் புகாது என்று அந்த மூவரும் சொன்னார்கள்.

ஆயிரம், பதினைந்தாயிரம். இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் ஒரு தரப்பு பொய் சொல்கிறது என்று முடிவுகட்டத் தோன்றும். அப்படி முடிவுகட்ட வேண்டிய அவசியமில்லை என்று நினைக்கிறேன். இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கக்கூடும். இன்று ஒழுகும் இடங்களை அடைக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. இந்தக் கூரை இனி எத்தனை காலம் தாங்கும் என்பது இன்னொரு கேள்வி. ஒப்பந்தப் பிரிவு கேட்டது முதல் கேள்வியை மட்டும்தான். “நீர் புகாத நிலை” என்பது அன்றைய நிலையைக் குறிக்கும் சொல். கூரையின் ஆயுளைப் பற்றியோ, அது கட்டப்பட்ட முறையைப் பற்றியோ அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

வீட்டுப் பரிசோதனைக்கு ஆள் அமர்த்தும் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். பரிசோதகர் தம்மிடம் கேட்கப்பட்டதற்குத்தான் பதில் எழுதுவார். அமெரிக்காவில் பொதுவான வீட்டுப் பரிசோதனை என்பது கண்ணால் பார்க்கும் பரிசோதனை. சுவரை உடைக்க மாட்டார், தரை விரிப்பைக் கிழிக்க மாட்டார், பாதுகாப்பில்லை என்று பட்டால் கூரை மேல் ஏறக்கூட மாட்டார். கறையான், கழிவுநீர்க் குழாயின் உட்புறம், நீச்சல் குளம் போன்றவற்றுக்குத் தனி ஆள், தனிக் கட்டணம். அறிக்கையில் “கூரை பயன்பாட்டில் உள்ளது” என்று வந்தால், அதற்கு மேல் எதையும் அந்த வரியில் ஏற்றிப் படிக்கக் கூடாது. பொதுப் பரிசோதகர் கூரையில் ஐயம் கிளப்பினால் கூரைக்காரரையும், அஸ்திவாரத்தில் ஐயம் கிளப்பினால் கட்டமைப்புப் பொறியாளரையும் அழைப்பது அடுத்த கட்டம். செலவு கூடுகிறதே என்று அந்தக் கட்டத்தை விட்டுவிடுவதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்.

யார் அனுப்பிய ஆள் என்பதும் பொருட்படுத்த வேண்டியதே. விற்பனை முடிந்தால்தான் தரகருக்குப் பணம். அவர் கூட்டி வருபவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனாலும் வாங்குபவர் தாமே தேர்ந்து, தாமே கட்டணம் கொடுத்து, அறிக்கையைத் தம் கையில் வாங்குவதற்கு அது ஈடாகாது. பழுதைக் கண்டுபிடிப்பவரே அதைச் சரிசெய்யும் வேலையையும் எடுப்பது இன்னொரு சிக்கல். புளோரிடா பின்னாளில் வீட்டுப் பரிசோதகர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியபோது, தாம் அறிக்கை எழுதிய வீட்டில் கிரயத்துக்கு முன் கூலிக்குப் பழுதுபார்க்க அவர்களுக்குத் தடை போட்டது.

நீதிமன்றங்கள் சொன்னவை

டேவிஸ் தம்பதியர் ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். ஒப்பந்த மீறல், மோசடி, பொய்யான கூற்று ஆகியவை அவர்களின் குற்றச்சாட்டுகள். வாங்க மறுத்ததற்கு இழப்பீடாக முன்பணம் தங்களுக்கே சேர வேண்டும் என்று ஜான்சன் தம்பதியர் எதிர்வழக்குப் போட்டார்கள். சண்டை 31,000 டாலர் மீது, அதாவது வீட்டு விலையில் சரியாகப் பத்து சதவீதத்தின் மீது.

1983 மே 27 அன்று விசாரணை நீதிமன்றம், காரணங்களை விரிவாக எழுதாமலேயே, 26,000 டாலரை வட்டியுடன் டேவிஸுக்கும் 5,000 டாலரை வட்டியுடன் ஜான்சனுக்கும் பிரித்துக் கொடுத்தது. மேல்முறையீட்டில் மூன்றாவது மாவட்ட நீதிமன்றம் அந்த 5,000 டாலரும் வாங்குபவர்களுக்கே சேரும், வழக்குச் செலவும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆட்கின்ஸ்.

ஆனால் அந்தத் தீர்ப்பின் முதல் பகுதி வாங்குபவர்களுக்கு எதிரானது. வெற்றிச் செய்தியை மட்டும் கேட்டவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கூரை ஒழுகக்கூடும் என்பதை ஒப்பந்தமே எதிர்பார்த்திருந்தது, அதற்குத் தீர்வும் சொல்லியிருந்தது, அந்தத் தீர்வு பழுதுபார்ப்பது மட்டுமே. பழுதுபார்க்க விற்பவர் மறுத்ததாகச் சான்று இல்லை. பழுதுபார்த்துத் தரும்படி வாங்குபவர்கள் கேட்டதாகவும் இல்லை. ஆகவே பரிசோதனைப் பிரிவை வைத்து ஒப்பந்தத்திலிருந்து வெளியேற வழியில்லை.

இதன் பொருள் கனமானது. ஜான்சன் வாயே திறந்திருக்காவிட்டால், மறைத்ததும் நிரூபணமாகியிருக்காவிட்டால், தண்ணீர் பீறிட்ட அந்த வீட்டை டேவிஸ் தம்பதியர் வாங்கியே தீர வேண்டியிருந்திருக்கும், அல்லது முன்பணத்தை இழந்திருப்பார்கள். அவர்கள் கையிலிருந்த எழுத்துபூர்வமான பரிசோதனை உரிமை ஓர் ஒட்டுவேலைக்கு மேல் எதையும் தந்திருக்காது. பரிசோதனையில் குறை வந்தால் என்ன செய்யலாம் என்பதை எழுதாமல் பரிசோதனை உரிமையை மட்டும் எழுதி வைப்பது எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது மோசடிச் சட்டம். ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,000 டாலரை வாங்கிய பிறகு, கூரையில் சிக்கல் இல்லை என்று விற்பவர்கள் உறுதி சொன்னார்கள், அது பொய் என்று அவர்களுக்குத் தெரியும், அதை நம்பித்தான் 26,000 டாலர் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. நீங்களே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்ற பதில் எடுபடவில்லை. அதே நீதிமன்றம் 1980-இல் பெசெட் எதிர் பாஸ்னெட் வழக்கில், விசாரித்தால் தெரிந்திருக்கும் என்பதற்காகவே பொய்யை நம்பியவர் உரிமை இழப்பதில்லை, அது பொய் என்று அவருக்கே தெரிந்திருந்தாலோ வெளிப்படையாகத் தெரிந்தாலோதான் இழப்பார் என்று சொல்லியிருந்தது. அந்த வழக்கிலும் ஒரு கூரை உண்டு. புதிய கூரை என்று சொல்லி விற்ற கட்டடம் ஒழுகியது.

எஞ்சியது முதல் 5,000 டாலர். அதைக் கொடுத்தபோது யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, எந்தப் பொய்யும் சொல்லப்படவில்லை. மௌனம் மட்டுமே இருந்தது. பழைய கோட்பாட்டின்படி மௌனம் குற்றமில்லை, வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே கூரைச் சிக்கல்கள் தெரியும் என்று திரு. ஜான்சன் சாட்சிக்கூண்டில் ஒப்புக்கொண்டிருந்தார். இங்கேதான் நீதிமன்றம் சட்டத்தை நகர்த்தியது. வீட்டின் மதிப்பைக் கணிசமாகப் பாதிக்கும் உண்மை விற்பவருக்குத் தெரிந்திருந்து, அது எளிதில் கண்ணுக்குப் படாததாகவும் வாங்குபவருக்குத் தெரியாததாகவும் இருந்தால், அதை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை என்றது. பழைய வீடு, புதிய வீடு இரண்டுக்கும் இது பொருந்தும்.

மறுத்த நீதிபதியின் கேள்விகள்

தலைமை நீதிபதி பாய்ட் உடன்படவில்லை. அவருடைய மறுப்புரையை மதிப்போடு படிக்க வேண்டும். விவேகமுள்ளவர்கள் வாங்குவதற்கு முன்பே நிபுணரை வைத்துப் பார்க்கிறார்கள், கடன் கொடுப்பவர்கள் பரிசோதனை கேட்கிறார்கள், பரிசோதனை சாதகமாக வந்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனையோடு முன்பணம் கொடுக்க முடியும், அப்படியிருக்கப் புதிய விதி எதற்கு என்று அவர் கேட்டார். இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். விலையில் 2,00,000 டாலரை ஜான்சன் தம்பதியரே கடனாகக் கொடுத்து, அதே வீட்டை அடமானமாகப் பிடிக்கவிருந்தார்கள். உருப்படாத வீட்டைத் தள்ளிவிட நினைப்பவர் அதையே ஈடாக வைத்து அவ்வளவு பணத்தைக் கொடுப்பாரா?

கேள்வி நியாயமானதுதான். ஜான்சன் தம்பதியருக்குத் தங்கள் கூரை அடியோடு கெட்டது என்று தெரியாமலே இருந்திருக்கலாம். அவ்வப்போது ஒழுகும், யாரையாவது கூப்பிட்டு அடைப்போம் என்ற அளவில் நினைத்திருக்கலாம். ஆனால் அந்த அளவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. கூரை ஒழுகியது, இன்ன இடத்தை அடைத்தோம் என்று சொல்லியிருந்தால் வாங்குபவர் கூரைக்காரரை அழைத்திருப்பார், பேரம் நடந்திருக்கும். புதிய கூரையின் முழுச் செலவையும் விற்பவரே ஏற்றிருந்தாலும் அது விலையில் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும். சொல்லாததால் வியாபாரமும் போய், எதிர்தரப்பின் வழக்குச் செலவும் தலையில் விழுந்தது.

பாய்ட் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். இன்று தெரிந்ததை மறைத்தால் பொறுப்பு என்பீர்கள், நாளை தெரிந்திருக்க வேண்டும் என்பீர்கள், கடைசியில் பரிசோதிக்கும் சுமை முழுவதும் வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு மாறிவிடும் என்றார். அப்படி நடக்கவில்லை. 2011-இல் ஜென்சன் எதிர் பெய்லி வழக்கில் புளோரிடாவின் இரண்டாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், விற்பவருக்குக் குறை உண்மையிலேயே தெரிந்திருந்தது என்பதை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும், தெரிந்திருக்க வேண்டும் என்பது போதாது என்று தெளிவாகச் சொன்னது. உண்மையிலேயே தெரிந்திருந்தது என்று காட்டுவது கடினம். ஆகையால் பரிசோதனையின் சுமை இன்றும் பெரும்பகுதி வாங்குபவரிடமே இருக்கிறது.

இந்த விதிக்கு ஒரு கெட்ட பின்விளைவு உண்டு. தெரிந்தால்தானே சொல்ல வேண்டும் என்று சில விற்பனையாளர்கள் தங்கள் வீட்டைப் பரிசோதிக்காமலே விற்க விரும்புகிறார்கள். அதைக் குறுகிய பார்வை என்றே சொல்வேன். வாங்குபவரின் பரிசோதகர் எப்படியும் வருவார். அவர் கண்டுபிடிக்கும் குறை, பேரம் முற்றிய நேரத்தில் விற்பவருக்குத் தெரியவருகிறது. அவசரத்தில் விலை குறைக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே பரிசோதித்தவர் தமக்கு வசதியான நேரத்தில் மூன்று இடங்களில் விலை கேட்டுப் பழுதுபார்க்கலாம், அல்லது குறையைச் சொல்லி அதற்கேற்ற விலை வைக்கலாம். பழுதுபார்த்த ரசீதுகளை எடுத்து வைப்பதும் அவருக்கே பாதுகாப்பு.

பிறகு புளோரிடாவில்

இன்று அங்கே புழக்கத்திலிருக்கும் “உள்ளது உள்ளபடி” ஒப்பந்தப் படிவம் 1982-இன் கூரைப் பிரிவைவிட வெகுவாக மாறியது. பரிசோதனைக்கென்று ஒரு காலம், வேறு எண் எழுதாவிட்டால் 15 நாட்கள். அந்தக் காலத்துக்குள் வாங்குபவர் திருப்தியில்லை என்று எழுத்தில் தெரிவித்தால் ஒப்பந்தம் முடிந்து முன்பணம் திரும்பும். விற்பவர் பழுதுபார்க்கத் தேவையில்லை, வாங்குபவர் சிக்கிக்கொள்ளவும் தேவையில்லை. டேவிஸ் தம்பதியருக்குத் தேவைப்பட்டது இந்தக் கதவுதான். அதே சமயம் உள்ளது உள்ளபடி என்று எழுதிவிட்டால் தெரிந்த குறையை மறைக்கலாம் என்று பொருளில்லை, ஜான்சன் தீர்ப்பின் கடமை அப்போதும் நிற்கும் என்று அங்குள்ள நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல், வீட்டை விற்பவர் வெள்ளத்தைப் பற்றித் தனிப் படிவம் கொடுப்பதும் சட்டமாகிவிட்டது.

நம் சட்டம்

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. புளோரிடா 1985-இல் வந்து சேர்ந்த இடத்தில் இந்தியச் சட்டம் 1882-லேயே நின்றது. அந்த ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதிருந்தால், சாதாரண கவனத்தோடு பார்த்தும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாததாக அது இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்தியாக வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு வகைப்படுத்துகிறது. ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எதுவும் எழுதப்படாத வரையில்தான் இந்தக் கடமை இருக்கும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். “சொத்தை நேரில் பார்த்துத் திருப்தியடைந்து வாங்குகிறேன்” என்ற வரியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுபவர் தம் பக்கத்து வாதத்தைத் தாமே பலவீனமாக்கிக்கொள்கிறார்.

புதிய அடுக்ககங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்படும் கட்டமைப்புக் குறையையும் வேலைத் தரக் குறையையும் கட்டுநர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். தனிமனிதர் விற்கும் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

தமிழ்நாட்டில் வீடு வாங்குபவர்கள் வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா ஆகியவற்றைப் பார்க்க வழக்கறிஞரிடம் போவதில் கருத்தாக இருக்கிறார்கள். பத்திரத்தைப் பார்க்கும் அக்கறையில் ஒரு பங்கு கட்டடத்துக்குக் கிடைப்பதில்லை. தெரிந்த மேஸ்திரி ஒருவர் தட்டிப் பார்த்து “பரவாயில்லை” என்றால் போதும் என்று விடுகிறோம். விற்பதற்கு முன் வெள்ளையடிப்பதும் வழக்கம் என்பதால் ஓதம் ஏறிய சுவரும் கறை படிந்த தளமும் பார்வையிலிருந்து மறைந்துவிடும். கடலோர ஊர்களில் தளத்துக் கம்பி துருப்பிடித்து அடிப்பூச்சு உப்புவதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார். கோடையில் வீடு பார்க்கிறவர், விற்பவர் சம்மதத்தோடு மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு முறை போய்ப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது. வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வாங்குகிறவர் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விற்பவரை மட்டும் கேட்காமல் எதிர்வீட்டிலும் கேட்க வேண்டும்.

விற்பவரிடம் கேட்கும் கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஜான்சன் என்ன சொன்னார் என்பதில் நீதிமன்றத்தில் எழுந்த தகராறு முழுவதும் அது வாய்ப்பேச்சாக இருந்ததால் வந்தது. கூரையோ தளமோ எப்போதாவது ஒழுகியதா, எந்த ஆண்டு, யார் சரிசெய்தார், ரசீது இருக்கிறதா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். நேர்மையான விற்பனையாளருக்கு இதில் சங்கடம் ஒன்றுமில்லை. பிற்பாடு எழக்கூடிய பழியிலிருந்து அந்தக் கடிதமே அவரைக் காக்கும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரியை இப்படி எழுதலாம்: “வாங்குபவர் தாம் தேர்ந்த பொறியாளரைக் கொண்டு இன்ன தேதிக்குள் கட்டடத்தைப் பரிசோதிப்பார். பழுதுபார்ப்புச் செலவு இன்ன தொகையைத் தாண்டும் என்று அறிக்கை வந்தால், ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு முன்பணம் முழுவதையும் இன்ன நாளுக்குள் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அந்தத் தேதிக்குப் பிறகே இரண்டாம் தவணை.” உங்கள் வழக்கறிஞர் சட்ட நடைக்கு ஏற்பத் திருத்திக் கொடுப்பார். தேதி, தொகை, திரும்பும் நாள் ஆகிய மூன்று இடங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த வரியைச் சேர்க்க விற்பவர் மறுத்தால் காரணம் கேளுங்கள். அந்தக் காரணம் உங்களுக்கு நிறைவளிக்கும்வரை சிறு தொகையைக்கூட முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.